பைக் பேட்டரிக்கு 1 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜர், 8 மாசம் யூஸ் பண்ணப்புறம்: சார்ஜர் ஓகே, திருடன் வேற எடத்துல இருந்தான்

முதல்லயே மார்க் சொல்லிடறேன், 5க்கு 4. நல்ல சார்ஜர் தான். ஆனா எந்த பிரச்சனைக்காக நான் இத வாங்கினேனோ அத இது தீர்க்கல, தீர்க்கவும் முடியாது, அதுக்காக இத திட்டவும் முடியாது. பிராண்ட் பேர் போடல, ஏன்னா இதே டப்பா இதே பட்டன் இதே வயரோட நாலஞ்சு பேர்ல விக்குது, மேல ஒட்டிருக்கற ஸ்டிக்கர் மட்டும் தான் வேற. 12 வோல்ட், 1 ஆம்பியர், சின்ன டிஸ்ப்ளே, மோட் மாத்த ஒரே ஒரு பட்டன், உள்ள முதலை கிளிப் ஒரு செட், பேட்டரிலயே நிரந்தரமா போல்ட் போட்டு விடற மாதிரி ரிங் வச்ச வயர் ஒரு செட், அதுல நடுவுல ஃபியூஸ். இத படிச்சாலே எதுன்னு உங்களுக்கு தெரிஞ்சிருக்கும்.

கதைய சொன்னா தான் ரிவ்யூ புரியும். பைக்கோட வந்த பேட்டரி நாலு வருஷம் நல்லா ஓடிட்டு ஒருநாள் காலைல செல்ஃப் அமுக்கினா டக் டக் டக்னு ரிலே சத்தம் மட்டும், மோட்டார் அசையவே இல்ல. நாலு வருஷம்ங்கறது அதோட ஆயுசு தான், வருத்தம் இல்ல, புதுசு மாத்திட்டேன். ஆனா முன்கூட்டியே தெரியாம போச்சேன்னு ஒரு கடுப்பு, அதனால ஹேண்டில்ல போன் சார்ஜ் போடற யூஎஸ்பி, கூடவே வோல்ட் காட்டற நீல கலர் மீட்டர், ரெண்டும் சேந்த ஒரு ஃபிட்டிங் வாங்கி நானே மாட்டினேன். சாவி போடாமலே வோல்ட் காட்டும்னு எல்லார்கிட்டயும் பெருமை வேற. அந்த புது பேட்டரி ஏழே மாசத்துல படுத்துச்சு. வாங்கின கடைக்கு கொண்டு போனா, இது டீப் டிஸ்சார்ஜ் ஆன (அதாவது அடி வரைக்கும் காலியாக விட்ட) பேட்டரி, வாரன்டி வராதுன்னுட்டாங்க. அன்னைக்கு கடைக்காரர் மேல பயங்கர கோவம். இன்னைக்கு யோசிச்சா அவர் சொன்னது சரி. அப்புறம் மூணாவது பேட்டரி, அதுவும் ஒரே மாசத்துல செல்ஃப் இழுக்க ஆரம்பிச்சதும் தான், சரி இனிமே சார்ஜர் ஒண்ணு வீட்டுலயே இருக்கட்டும்னு இத வாங்கினது.

மாட்டினது நல்லா தான் வேலை செஞ்சுது. 12.1 வோல்ட்ல இருந்த பேட்டரி, ராத்திரி மாட்டி விட்டு காலைல பாத்தா பச்சை லைட். ஆனா கழட்டின உடனே மீட்டர் வச்சு 13.1 காட்டுதேன்னு சந்தோஷப்படாதீங்க, அது மேலாக ஏறின சார்ஜ், கொஞ்ச நேரத்துல இறங்கிடும். மூணு நாலு மணி நேரம் சும்மா விட்டு பாக்கணும், முடிஞ்சா ஒரு ராத்திரி. அப்ப ஆசிட் ஊத்தற பேட்டரி 12.6 கிட்ட, ஏஜிஎம் டைப்புன்னா (ஆசிட்ட கண்ணாடி நார்ல ஊற வச்சு சீல் பண்ணினது) 12.8 கிட்ட நின்னா முழுசா ஏறிருக்குன்னு அர்த்தம். 12.4ன்னா முக்கால், 12.2ன்னா பாதி, 12.0க்கு வந்துட்டா கால்வாசி தான் மிச்சம், இதெல்லாம் ஆசிட் பேட்டரிக்கு தோராய கணக்கு, ஏஜிஎம்முக்கு 0.1, 0.2 வோல்ட் கூட. நம்மள்ல பாதி பேர் 12 வோல்ட் பேட்டரி 12 காட்டுது அப்ப ஃபுல்னு நினைக்கறோம், நானும் அப்படித்தான் நினைச்சுட்டு இருந்தேன். உள்ள ஆறு செல், ஒவ்வொண்ணும் 2.1 வோல்ட், மொத்தம் 12.6, பேருக்கு தான் 12. இந்த கணக்கு தெரிஞ்சா இன்னொண்ணும் புரியும், எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஒரு பேட்டரி 10.5லயே நின்னா ஒரு செல் போச்சுன்னு அர்த்தம், அத கட்டிட்டு அழறதுல பிரயோஜனம் இல்ல.

என்னோடது 12.8ல நின்னுது. ஆஹா பேட்டரி பொழைச்சுதுடான்னு மாட்டி ஓட்டினேன். நாலு நாள் பைக் எடுக்கல, அஞ்சாவது நாள் திரும்ப 12.1. மறுபடி சார்ஜ், மறுபடி நாலு நாள், மறுபடி 12.1. இந்த சார்ஜர்ல எனக்கு ரொம்ப உபயோகமான ஒரே விஷயம் இதோட டிஸ்ப்ளே தான்னு சொல்லுவேன், மாட்டின உடனே, சார்ஜ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி, பேட்டரி வோல்ட் எவ்வளவுன்னு ரெண்டு செகண்ட் காட்டும். வெறும் சிவப்பு பச்சை லைட் மட்டும் இருக்கற மாடலா இருந்திருந்தா ராத்திரி மாட்டினோம் காலைல பச்சைன்னு போயிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே நாலு நாள், அதே 12.1ன்னு பாக்கறப்ப தான் உறைச்சுது, பேட்டரி தானா சாகுதுன்னா இப்படி கடிகாரம் மாதிரி சாகாது, எவனோ குடிக்கறான்.

மல்டிமீட்டர எடுத்தேன். சாவி ஆஃப், பேட்டரியோட மைனஸ் வயர கழட்டி, அந்த வயருக்கும் மைனஸ் டெர்மினலுக்கும் நடுவுல மீட்டர ஆம்பியர்ல வச்சு பாத்தேன். இத செய்யறவங்க முதல்ல 10 ஆம்பியர் ஓட்டைல ப்ரோப் சொருகி பாருங்க, கம்மின்னு தெரிஞ்சப்புறம் மில்லி ஆம்பியருக்கு மாத்துங்க, மீட்டர் நடுவுல இருக்கறப்ப மறந்து செல்ஃப் மட்டும் அமுக்கிடாதீங்க, மீட்டர் ஃபியூஸ் காலி. எனக்கு காட்டினது 27 மில்லி ஆம்பியர். கேக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குல்ல? கணக்கு போடுங்க. ஒரு நாளைக்கு 24 மணி நேரம், 27 மில்லின்னா கிட்டத்தட்ட 0.65 ஆம்பியர் ஹவர் (1 ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினா 1 ஆம்பியர் ஹவர், பேட்டரி கொள்ளளவ இதுல தான் சொல்லுவாங்க). என் பேட்டரி மொத்தமே 5 ஆம்பியர் ஹவர். நாலு நாள்ல பாதி குளோஸ், எட்டு நாள்ல துடைச்சு வச்ச மாதிரி காலி. கார் பேட்டரின்னா இத சட்டையே பண்ணாது, பைக் பேட்டரி சின்ன குடம், ஊசி ஓட்டை போதும்.

யார் குடிக்கறான்னு பாக்க ஒவ்வொரு ஃபியூஸா புடுங்கினேன், 27 பக்கத்துலயே நிக்குது, பெருசா அசையல. அரை மணி நேரம் மண்டைய பிச்சுக்கிட்டேன். எந்த ஃபியூஸ் புடுங்கியும் பெருசா குறையலன்னா பைக்கோட ஒயரிங்ல பிரச்சனை இல்ல, ஃபியூஸ் பாக்ஸ தாண்டி நேரா பேட்டரில ஏதோ உக்காந்திருக்குன்னு அர்த்தம். ப்ளஸ் டெர்மினல்ல மெல்லிசா ஒரு சிவப்பு வயர். நான் மாட்டினது. பேட்டரிய கண்காணிக்க வச்ச அந்த நீல மீட்டர் தான் ராத்திரி பகலா எரிஞ்சு பேட்டரிய குடிச்சிருக்கு. வேலியே பயிரை மேய்ஞ்ச கதை. அத கழட்டினதும் 1.5 மில்லிக்கு இறங்கிடுச்சு, அது கிளாக்கும் ஈசியூவும் (இன்ஜின கண்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) எடுக்கறது, அது இருக்க தான் செய்யும். இப்ப அந்த யூஎஸ்பிய ஒரு ரிலே வச்சு சாவி போட்டா மட்டும் கரண்ட் வர்ற மாதிரி மாத்தியாச்சு. வாரன்டி குடுக்காத கடைக்காரர்கிட்ட மனசுக்குள்ள ஒரு சாரி.

இதுல சார்ஜர பத்தி என்னன்னா, நான் இத வாங்கின முதல் நாள்லருந்தே ரிங் வயர் போட்டு எப்பவும் மாட்டியே வச்சிருந்தேன்னா இந்த விஷயம் எனக்கு தெரிஞ்சே இருக்காது. ஃப்ளோட்ல (அதாவது ஃபுல் ஆனப்புறம் கம்மி வோல்ட்ல சும்மா தாங்கி பிடிச்சு) நிக்கற சார்ஜர் 27 மில்லிய தூசு மாதிரி குடுத்துடும், எப்பவும் பச்சை லைட், எப்பவும் 13 சொச்சம், எல்லாம் சுபம். அப்புறம் ஒருநாள் வெளியூர் போய் அங்க அஞ்சு நாள் பைக்க நிறுத்துவேன், அங்க டக் டக் டக். அதனால இந்த மாதிரி சார்ஜர் வாங்க நினைக்கறவங்க முதல்ல ஒரு சாதா மல்டிமீட்டர் வாங்கி டிரெயின் (சாவி ஆஃப்ல குடிக்கற கரண்ட்) பாருங்க, செல்ஃப் சைடும் வண்டியோட சார்ஜிங் சைடும் பாருங்க, அப்புறம் சார்ஜருக்கு வாங்க. டிரெயின் போக பாக்கறதுக்கு மூணே மூணு வோல்ட் நம்பர் தான், சாவி ஆஃப்ல ராத்திரி நின்னப்புறம் எவ்வளவு, செல்ஃப் அடிக்கறப்ப எவ்வளவுக்கு இறங்குது (10க்கு பக்கத்துல நின்னா பரவால்ல, 9.6க்கு கீழ போனா பேட்டரி வீக்), வண்டி ஓடறப்ப ஆக்சிலரேட்டர் கொஞ்சம் ஏத்தி வச்சா எவ்வளவு. இந்த கடைசி நம்பர் 13.5லருந்து 14.5க்குள்ள வரணும். 13க்கு மேல ஏறவே மாட்டேங்குதுன்னா காயில் (இன்ஜின் சுத்தறப்ப கரண்ட் தயாரிக்கறது) இல்லன்னா ரெக்டிஃபையர் (அந்த கரண்ட்ட பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்தி கட்டுப்படுத்தறது), 15 தாண்டுதுன்னா ரெக்டிஃபையர் கண்ட்ரோல் விட்டுடுச்சு, பேட்டரிய கொதிக்க வச்சு சாகடிக்கும், இந்த நிலைமைல எத்தனை புது பேட்டரி மாட்டினாலும் பலி குடுக்கறீங்கன்னு தான் அர்த்தம்.

சரி சார்ஜருக்கு வர்றேன். 1 ஆம்பியர் போதுமான்னு நிறைய பேர் கேக்கறாங்க. போதும், சொல்லப்போனா 5 ஆம்பியர் ஹவர் பேட்டரிக்கு இதுவே கொஞ்சம் ஜாஸ்தி. பழைய கணக்கு பத்துல ஒரு பங்கு, 5க்கு 0.5 ஆம்பியர், 9க்கு 0.9. கார் சார்ஜர் 6 ஆம்பியர், 10 ஆம்பியர்னு அடிக்கறத எடுத்து பைக்ல போட்டா பேட்டரி சூடாகி ஆசிட் பொங்கி ப்ளேட் வளைஞ்சுடும், சீக்கிரம் ஏறட்டும்னு அவசரப்பட்டு போட்டவன் பேட்டரி தொட்டா சுடற அளவுக்கு ஆனத நான் நேர்லயே பாத்திருக்கேன். இந்த சார்ஜர்ல 2.5 ஆம்பியர் ஹவர் குறைஞ்ச பேட்டரிக்கு ரெண்டரை மணி நேரம்னு கணக்கு போட்டுடாதீங்க, முக்கால்வாசி வரைக்கும் தான் முழு 1 ஆம்பியர் போகும், அதுக்கப்புறம் 14.4 வோல்ட்ல பிடிச்சுக்கிட்டு ஆம்பியர் மெல்ல மெல்ல இறங்கும், அந்த கடைசி 20 சதவீதத்துக்கு தான் நேரம் தின்னும், எனக்கு மொத்தமா 6, 7 மணி நேரம் ஆகுது. டிஸ்ப்ளே 80 சதவீதம் காட்டுது போதும்னு புடுங்கறவங்க தான் அதிகம், அந்த மிச்சம் 20 ஏறாமலே ஏறாமலே இருந்து ப்ளேட்ல சல்ஃபேட் படிஞ்சு இறுகிடும். அப்புறம் அது கரையாது.

பச்சைக்கு வந்தப்புறம் நான் மீட்டர் வச்சு பாத்தேன், 13.6ல நிக்குது, ஏறல இறங்கல. இது சரியான ஃப்ளோட். விலை மலிவு சார்ஜர் சிலது பச்சை லைட் போட்டுட்டு உள்ளுக்குள்ள 14க்கு மேலயே பிடிச்சு வச்சிருக்கும், மாசக்கணக்குல மாட்டி வச்சா தண்ணி வத்தி பேட்டரி போயிடும், அதனால நீங்க வாங்கறது எதுவா இருந்தாலும் பச்சை வந்து ஒரு நாள் கழிச்சு ஒரு தடவை மீட்டர் வச்சு பாத்துக்கங்க. வெயில் அதிகமா இருந்தா வோல்ட்டேஜ் கொஞ்சம் குறையணும், குளிர்ல கொஞ்சம் ஏறணும், நல்ல சார்ஜர்ல அதுக்கு டெம்பரேச்சர் சென்சார் இருக்கும், இதுல இல்ல. அதுக்கு பதிலா பனித்துளி படம் போட்ட ஒரு மோட், அதுல 14.7 வரைக்கும் போகும், குளிருக்கும் ஏஜிஎம்முக்கும்னு போட்டிருக்கான். நல்ல வெயில் காலத்துல நான் அத தொடறதே இல்ல.

இப்ப எல்லாரும் எதுக்காக இத வாங்கறாங்களோ அந்த ரிப்பேர் மோட். செத்த பேட்டரிய உயிர்ப்பிக்கும்னு டப்பா மேல பெருசா அடிச்சிருக்கான். ஏழு மாசத்துல செத்த என்னோட ரெண்டாவது பேட்டரிய தூக்கி போடாம வச்சிருந்தேன், அதுல ட்ரை பண்ணேன். முதல் பிரச்சனை, அது 6 வோல்ட் சொச்சம் தான் இருந்துச்சு, அத சார்ஜர் பேட்டரின்னே ஒத்துக்கல, எரர் காட்டிட்டு நின்னுடுச்சு. இது இந்த சார்ஜரோட குறை மட்டும் இல்ல, ஸ்மார்ட் சார்ஜர் நிறைய இப்படித்தான், ரொம்ப கீழ போன பேட்டரிய பாத்தா பயந்துக்கும். அதுக்கு ஒரு குறுக்கு வழி, நல்ல பேட்டரி ஒண்ண பக்கத்துல வச்சு ப்ளஸ்ஸுக்கு ப்ளஸ் மைனஸுக்கு மைனஸ் சேத்து அதுக்கு மேல சார்ஜர் கிளிப்ப மாட்டினா மொத்தமா வோல்ட் ஏறி சார்ஜர் ஒத்துக்கும், பத்து பதினஞ்சு நிமிஷம் கழிச்சு நல்ல பேட்டரிய எடுத்துடலாம். காத்தோட்டமான எடத்துல பண்ணுங்க, ஹைட்ரஜன் வரும், தீப்பொறி ஆகாது, கண்ணாடி போட்டுக்கங்க, கனெக்‌ஷன் எடுக்கறதுக்கு முன்னாடி சார்ஜர் ஸ்விட்ச்ச ஆஃப் பண்ணுங்க.

அப்படி ஏமாத்தி ஒத்துக்க வச்சு ரிப்பேர் மோட் போட்டு ரெண்டு நாள் விட்டேன். பச்சை வந்துடுச்சு! 12.7 நிக்குது! பைக்ல மாட்டி செல்ஃப் அடிச்சா 7க்கு விழுந்து பைக் டிஸ்ப்ளேவே அணைஞ்சு போச்சு. அப்புறம் நார்மல் மோட்ல திரும்ப போட்டு பாத்தேன், நாப்பது நிமிஷத்துல ஃபுல். அப்பாவியா இருந்தா சூப்பர் சீக்கிரம் ஏறுதேன்னு நினைப்போம், ஆனா காலியான 5 ஆம்பியர் ஹவர் பேட்டரி 1 ஆம்பியர்ல நாப்பது நிமிஷத்துல ஃபுல் ஆகுதுன்னா உள்ள கொள்ளளவே இல்லன்னு அர்த்தம், குடத்துல முக்கால்வாசி கல்லு, அரை சொம்பு ஊத்தினாலே தளும்புது. டிஸ்சார்ஜ் ஆகறப்ப ரெண்டு ப்ளேட்லயும் லெட் சல்ஃபேட் உருவாகறது சகஜம், உடனே சார்ஜ் போட்டா அது திரும்ப கரைஞ்சுடும், வாரக்கணக்குல அப்படியே விட்டா பெரிய பெரிய கட்டியா இறுகிடும், லேசா இறுகினத ரிப்பேர் மோட் அடிக்கற பல்ஸ் (விட்டு விட்டு குடுக்கற கரண்ட்) கொஞ்சம் இளக்கலாம், பாறையானத ஒண்ணும் பண்ண முடியாது. ரிப்பேர் மோட போடறதா இருந்தா பேட்டரிய பைக்லருந்து கழட்டிட்டு போடுங்க, சிலதுல வோல்ட் 15க்கு மேல தூக்கும், ஈசியூ அத விரும்பாது. லித்தியம் பேட்டரின்னா அந்த பட்டன் பக்கமே போகாதீங்க, லித்தியத்துக்கு தனி மோட் இருக்கற சார்ஜர் தான் வாங்கணும், இதுல கிடையாது.

ஒரு மார்க் குறைச்சதுக்கு காரணம் கரண்ட் கட். மோட் செலக்ட் பண்ணி சார்ஜ் ஓடிட்டு இருக்கறப்ப கரண்ட் போய் வந்தா, இது விட்ட எடத்துலருந்து ஆரம்பிக்காது, ஸ்டாண்ட்பைல வந்து யாராவது பட்டன் அமுக்குவாங்களான்னு உக்காந்திருக்கும். பேட்டரில ஒண்ணும் ஏறாது. மாசக்கணக்குல மாட்டி வச்சிட்டு போகத்தான் இந்த மாதிரி சார்ஜர் வாங்கறோம், அதுல போய் இந்த குறைய வச்சிருக்கான். ரெண்டு வாரம் கழிச்சு வந்து பாத்தா லைட் மினுக் மினுக்னு எனக்காக காத்துட்டு இருந்துச்சு. வாங்கறதுக்கு முன்னாடி, கரண்ட் போய் வந்தா தானா பழைய மோட்ல ஆரம்பிக்குமான்னு கேட்டு வாங்குங்க, பட்டனே இல்லாத மாடல் சிலது இந்த விஷயத்துல இதவிட மேல்.

கிளிப் ஓகே ரகம், வயர் நீளம் ஒண்ணே கால் மீட்டர் கிட்ட, பத்தாது. ப்ளஸ் மைனஸ் மாத்தி மாட்டினா தீப்பொறி வராம எரர் காட்டுது, தூக்க கலக்கத்துல நானே ஒரு தடவ மாத்தி மாட்டி செக் பண்ணிட்டேன். டப்பா கொஞ்சம் சூடாகும், பயப்பட வேணாம், ஆனா சீட் மேல மெத்தை மேல வைக்காதீங்க. அடிக்கடி பைக் எடுக்காதவங்க அந்த ரிங் வயர பேட்டரில போல்ட் போட்டு விட்டுடுங்க, சீட் கழட்டற வேலை மிச்சம். பேட்டரி வயர் கழட்டறப்ப மைனஸ் முதல்ல, மாட்டறப்ப ப்ளஸ் முதல்ல, ஸ்பேனர் ஃப்ரேம்ல பட்டாலும் வெடிக்காது. டெர்மினல்ல வெள்ளையா பச்சையா பூத்திருந்தா பேக்கிங் சோடா தண்ணில கழுவி காய வச்சு மாட்டி மேல கொஞ்சம் வாசலின். ஆசிட் பேட்டரிக்காரங்க, சார்ஜர் வாங்கினா தண்ணி பாக்க வேணாம்னு இல்ல, ப்ளேட் மூழ்கற அளவுக்காவது டிஸ்டில்டு வாட்டர் இருக்கான்னு பாத்துட்டு சார்ஜ் போடுங்க, மேல் கோடு வரைக்கும் ஊத்தறது சார்ஜ் முடிஞ்சப்புறம், முன்னாடியே ஊத்தினா பொங்கி வெளிய வந்துடும். குழாய் தண்ணி கூடவே கூடாது.

இதெல்லாம் எதுக்கு, ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்தா ஏறிடுமேன்னு சொல்றவங்களுக்கு. ஃபுல்லா இருக்கற பேட்டரி ஒரு செல்ஃப் அடிச்சதுக்கு இழந்தத ஓட்டம் திருப்பி குடுக்கும், அது உண்மை. காலியான பேட்டரிய அரை மணி ஓட்டம் நிரப்பாது, மேல சொன்ன அந்த கடைசி 20 சதவீத கதை பைக்லயும் அதே தான். அதவிட மோசம் வண்டிய ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்ல பத்து நிமிஷம் விடறது, அந்த ஆர்பிஎம்ல காயில் குடுக்கறது ஹெட்லைட்டுக்கும் பம்புக்குமே சரியா போயிடும், செல்ஃபுக்கு செலவானது கூட சில சமயம் வராது.

இப்ப நிலவரம். மூணாவது பேட்டரி இந்த எட்டு மாசமா ஓடிட்டு இருக்கு, ராத்திரி நின்னப்புறம் 12.7, செல்ஃப்ல 10.2க்கு இறங்குது, முதல் மாசம் பட்ட அடியால புது பேட்டரி அளவுக்கு இல்ல, ஆனா வண்டிய கிளப்புது. 1.5 மில்லின்னாலும் மாசத்துக்கு 1 ஆம்பியர் ஹவர் போகும், தானா குறையறது தனி, அதனால ரெண்டு வாரத்துக்கு மேல எடுக்க மாட்டேன்னா சார்ஜர மாட்டிடறேன். கரண்ட் கட் பயத்துக்கு பக்கத்து வீட்டு தம்பிகிட்ட சொல்லி வச்சிருக்கேன், லைட் மினுக்கினா அந்த பட்டன ஒரு தட்டு தட்டிடுப்பான்னு.